ஊசி தவறிய மாதங்கள்: சேர்வராயன் மலை நோயாளி ஒருவரின் புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சை

நோக்கமும் வரம்பும்

சேலம் நகரத்தில் உள்ள ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் 2024 ஜனவரி முதல் 2025 நவம்பர் வரை சிகிச்சை பெற்ற ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. நோயாளி, குடும்பத்தினர், மருத்துவமனை, மருந்துக் கடைகள் ஆகியோரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. எழுதுவதற்குக் குடும்பத்தின் ஒப்புதல் பெறப்பட்டது. நான் அந்தப் பிரிவின் மருந்தாளுநர். ஆகவே நோயின் போக்கைவிட மருந்தின் போக்கு இதில் கூடுதலாகப் பேசப்படுகிறது: எந்த மருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது, என்ன விலைக்கு வந்தது, மலைக்கு மேலே போன பிறகு அது உண்மையில் எப்படி உட்கொள்ளப்பட்டது என்பவை.

புராஸ்டேட் புற்றுநோய்க்குப் புதிய மருந்துகள் வந்துகொண்டே இருக்கும் காலம் இது. இந்த நோயாளிக்கும் அப்படியொரு புதிய சிகிச்சைதான் இனி வழி என்று வீட்டார் முடிவுக்கு வந்து, நிலத்தை அடமானம் வைக்கத் தயாராகிவிட்ட நேரத்தில், அதுவரை எழுதிக் கொடுக்கப்பட்ட பழைய மருந்துகளே உடலுக்குள் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பது ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரியவந்தது.

பின்னணி

நோயாளிக்கு முதல் வருகையின்போது வயது 71. ஏற்காட்டைச் சுற்றியுள்ள காப்பித் தோட்டம் ஒன்றில் மேஸ்திரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தமாக ஒன்றரை ஏக்கர் நிலம். சில்வர் ஓக் நிழலில் காப்பி, அந்த மரங்களிலேயே ஏற்றிவிட்ட மிளகு. மகன் வாடகைச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். அதை ஒட்டி மிளகு வரும். வீட்டுக்குக் கையில் பணம் புரள்வது அந்த நான்கைந்து மாதங்களில்தான். ஆடி, ஆவணியில் கடனுக்குத்தான் அரிசி என்று மகன் பிற்பாடு ஒரு முறை சொன்னார். சிகிச்சை தொடங்கியபோது இந்தக் கணக்கு எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை.

2023 அக்டோபரில் தொடங்கிய இடுப்பு வலியை அவர் மூட்டை தூக்கியதால் வந்தது என்றே எடுத்துக்கொண்டார். தைலம், வலி ஊசி, வாயுப் பிடிப்புக்கான கஷாயம் என்று மூன்று மாதங்கள் போயின. இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்ததை வயதின் இயல்பு என்று வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. பேருந்தில் மலையிறங்கும்போது, அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவதைக் கண்ட மருமகள்தான், எலும்பு மருத்துவரிடம் மட்டும் காட்டினால் போதாது என்று வற்புறுத்தி அழைத்து வந்தார்.

முதல் கட்டக் கண்டறிதல்கள்

புராஸ்டேட் நோயின் போக்கைக் காட்டும் இரத்தப் புரதமான பிஎஸ்ஏவின் அளவு 312, மிக அதிகம். எலும்பில் நோய் இருந்தால் உயரும் நொதியான அல்கலைன் பாஸ்படேஸ் இயல்பைவிடப் பல மடங்கு கூடுதல். பயாப்ஸியில் புற்றின் வீரியத்தைக் குறிக்கும் கிளீசன் மதிப்பெண் 4+5, அதாவது 9. போன் ஸ்கேனில் இடுப்பு முள்ளெலும்புகள், இடுப்புக் கூடு, விலா எலும்புகள் எனப் பல இடங்களில் பரவல் தெரிந்தது. தண்டுவடத்தை அழுத்தும் அளவுக்கு எதுவும் இல்லை என்பதை எம்ஆர்ஐ உறுதி செய்தது. நுரையீரலும் கல்லீரலும் பாதிக்கப்படவில்லை. முற்றாகக் குணப்படுத்தும் கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வைக்கக்கூடிய நோய் என்று குடும்பத்திடம் சொல்லப்பட்டது.

சிகிச்சைத் தேர்வும் அதன் காரணங்களும்

புராஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை உண்டு வளர்வது. விரைகளை அகற்றினால் இந்த நோய் பின்வாங்குகிறது என்று 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். 1985இல் லியூப்ரோலைடு ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு, அறுவை இல்லாமலேயே, மூளையிலிருந்து விரைக்குப் போகும் கட்டளையை அடக்கி அதே விளைவைப் பெற முடிந்தது. உலகெங்கும் அறுவை பின்தள்ளப்பட்டு ஊசி முன்னுக்கு வந்தது அப்படித்தான். ஊசியை நிறுத்தினால் ஹார்மோன் திரும்பும். உடலில் எதையும் இழக்க வேண்டியதில்லை. எதிர்ப்பக்கத்தில், ஊசியை வாழ்நாள் முழுவதும் தேதி தவறாமல் போட வேண்டும்.

அடுத்த பெரிய மாற்றம் அபிராட்டெரோன். விரை மட்டுமல்லாமல் அட்ரினல் சுரப்பியும் புற்றுக்கட்டியும்கூடச் சிறிதளவு ஆண் ஹார்மோனை உண்டாக்குகின்றன. அந்த உற்பத்திக்கு வேண்டிய நொதியை இது முடக்குகிறது. 2011இல் ஹார்மோன் சிகிச்சை பலிக்காமல் போனவர்களுக்காக அனுமதி பெற்ற இந்த மாத்திரை, பரவிய நோயில் தொடக்கத்திலேயே கொடுத்தாலும் ஆயுளைக் கூட்டுகிறது என்பதை 2017இல் வெளியான லாட்டிட்யூட் ஆய்வு காட்டியது. 1,199 பேரைக் கொண்ட அந்த ஆய்வின் இறுதி முடிவில், ஊசியுடன் அபிராட்டெரோனும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 53.3 மாதங்கள், பெறாதவர்களுக்கு 36.5 மாதங்கள். எங்கள் நோயாளி அந்த ஆய்வு சொன்ன அதிக ஆபத்துப் பிரிவின் வரையறைக்குள் வந்தார்.

டோசிடாக்செல் கீமோதெரபியைச் சேர்ப்பது பற்றியும் குழு யோசித்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை மலையிறங்கி வர வேண்டும். இரத்த வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சல் வந்தால் இரவு நேரத்தில் உடனே கீழே கொண்டுவர வேண்டும். குடும்பத்தால் இது இயலாது என்று மருத்துவர் கருதினார். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை லியூப்ரோலைடு ஊசி, தினமும் அபிராட்டெரோன் 1,000 மி.கி., அதாவது 250 மி.கி. மாத்திரைகள் நான்கு, அவற்றுடன் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 5 மி.கி. என்று முடிவானது. ஊசியின் தொடக்கத்தில் ஹார்மோன் சில நாட்கள் உயர்ந்து வலியைக் கூட்டக்கூடும் என்பதால் ஹார்மோனின் செயலைத் தடுக்கும் பைகலுட்டமைடு முன்கூட்டியே தொடங்கப்பட்டது. முதல் ஊசி 2024 பிப்ரவரி தொடக்கத்தில் போடப்பட்டது.

விரைகளை அகற்றும் அறுவை என்ற வழியும் முதல் நாளே சொல்லப்பட்டது. ஆனால் ஒரே வாக்கியத்தில், ஊசிக்கு மாற்றாக அதுவும் உண்டு என்ற அளவில். "என்னை அறுத்து எடுத்துட்டுத்தான் காப்பாத்தணுமா சார்?" என்று பெரியவர் கேட்டார், பேச்சு அத்துடன் முடிந்தது.

விலை என்று எழுதப்பட்டிருந்ததும் விலையும்

அபிராட்டெரோன் இந்தியாவில் பல நிறுவனங்களின் ஜெனரிக் தயாரிப்பாகக் கிடைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. கிடைப்பதில் சிக்கல் இல்லை. எந்த விலைக்கு என்பதில்தான் சிக்கல்.

குடும்பம் முதலில் வாங்கிய 120 மாத்திரைகளின் பெட்டியில் அச்சிட்டிருந்த விலை 32,400 ரூபாய். கடைக்காரர் 14,500 ரூபாய்க்குக் கொடுத்தார். பாதிக்கு மேல் தள்ளுபடி கிடைத்ததாக மகன் நிம்மதியடைந்தார். அதே மருந்து, அதே அளவு, வேறு நிறுவனத்தின் தயாரிப்பு, சேலத்திலேயே இன்னொரு கடையில் 21,000 ரூபாய் என்று அச்சிடப்பட்டு 8,400 ரூபாய்க்கு விற்கப்பட்டதை மூன்றாம் மாதம்தான் அவர் கண்டுபிடித்தார். இரண்டுமே தரச் சான்று பெற்ற நிறுவனங்களின் மருந்துகள்.

அச்சிட்ட விலைக்கும் விற்கும் விலைக்கும் இவ்வளவு இடைவெளி ஏன் என்று நோயாளிகள் அடிக்கடி கேட்கிறார்கள். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துக்குத் தொடக்க விலையை நிறுவனமே நிர்ணயிக்கலாம். அதன் பிறகு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. ஆகவே அட்டையில் ஒரு பெரிய எண்ணை முதலிலேயே போட்டுவிட்டு, ஸ்டாக்கிஸ்டுக்கும் கடைக்கும் மிகக் குறைந்த விலையில் கொடுத்து, இடையில் உள்ள லாபத்தை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடும் வழக்கம் புற்றுநோய் மருந்துகளில் வேரூன்றியிருக்கிறது. இதைக் கட்டுப்படுத்தத்தான் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாபத்தை 30 சதவீதமாக வரம்பிட்டது. அந்த உத்தரவால் சில மருந்துகளின் அச்சிட்ட விலை 87 சதவீதம் வரை இறங்கியது என்பதே, அதற்கு முன் அந்த எண்ணுக்கும் மருந்துக்கும் எவ்வளவு தொலைவு இருந்தது என்பதைக் காட்டும். என் கருத்தில், தள்ளுபடி சதவீதத்தைப் பார்த்து மருந்து வாங்கும் குடும்பம் ஏறக்குறைய எப்போதும் கூடுதலாகக் கொடுக்கிறது.

ஊசி ஒன்றுக்கு 9,500 ரூபாய். விலை குறைந்த கடையில் மாத்திரை வாங்கிய பிறகும் இரண்டும் சேர்ந்து மாதம் சராசரியாக 11,500 ரூபாய்க்கு மேல் ஆனது. மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆனால் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு அது உதவியதே தவிர, வெளியே கடையில் வாங்கிய மாத்திரைக்கும் ஊசிக்கும் இவருடைய நேர்வில் பயன்படவில்லை.

2024 மே: மருந்துப் பையில் கண்டவை

இரண்டாவது ஊசிக்கு வந்தபோது பிஎஸ்ஏ 14ஆக இறங்கியிருந்தது. வலி குறைந்து, தடியில்லாமல் நடந்தார். ஆனால் இரத்த அழுத்தம் 172/100, கணுக்காலில் வீக்கம், பொட்டாசியம் இயல்பைவிடக் குறைந்து 3.0.

அபிராட்டெரோன் எடுப்பவருக்கு இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் முதலில் கேட்க வேண்டியது பிரெட்னிசலோனைப் பற்றித்தான். அபிராட்டெரோன் அட்ரினலில் கார்டிசோல் உற்பத்தியையும் தடுக்கிறது. உடல் அதை ஈடுகட்ட முயலும்போது உப்பைத் தேக்கி வைக்கும் ஹார்மோன்கள் பெருகுகின்றன. அதை அடக்கத்தான் அந்தச் சிறிய ஸ்டீராய்டு மாத்திரை. மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தபோது பிரெட்னிசலோன் அட்டைகள் இரண்டு பிரிக்கப்படாமலே இருந்தன. ஸ்டீராய்டு எலும்பை அரித்துவிடும், ஏற்கெனவே எலும்பில்தானே நோய் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது அல்ல என்பதால் அதைக் கேலி செய்யாமல், எவ்வளவு அளவு, எதற்காக என்று விளக்க வேண்டியிருந்தது.

பையில் இன்னொன்றும் இருந்தது. கடைகளில் மாத்திரை போட்டுத் தரும் காகித உறையில் 'காலை, மதியம், இரவு' என்றும் 'உணவுக்கு முன், உணவுக்குப் பின்' என்றும் அச்சிட்டு டிக் அடித்துக் கொடுப்பார்கள் அல்லவா, அப்படியோர் உறையில் பிரெட்னிசலோன், கால்சியம், அபிராட்டெரோன் மூன்றையும் சேர்த்துப் போட்டு 'உணவுக்குப் பின்' என்ற இடத்தில் நீல மையில் ஒரே டிக் அடித்திருந்தது. பிரெட்னிசலோனுக்கும் கால்சியத்துக்கும் அது சரி. 1,000 மி.கி. அபிராட்டெரோனுக்கு அது கடுமையான தவறு. வெறும் வயிற்றில், உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவோ உண்ட பின் இரண்டு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டிய மருந்து அது. கொழுப்புக் குறைந்த உணவோடு எடுத்தால் உடலில் சேரும் அளவு ஏறத்தாழ ஐந்து மடங்காகவும், கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் பத்து மடங்காகவும் உயரக்கூடும். பெரியவர் சில நாட்கள் விடியற்காலையில் பால் சேர்க்காத காப்பியோடும், சில நாட்கள் காலைச் சோற்றுக்குப் பிறகும் விழுங்கியிருக்கிறார். எந்த நாளில் எவ்வளவு மருந்து உடலில் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

பொட்டாசியம் சரிசெய்யப்பட்டது, இரத்த அழுத்தத்துக்கு மருந்து தொடங்கப்பட்டது, நேரம் எழுதிய அட்டவணை கொடுக்கப்பட்டது. இரத்த அழுத்தத்தை மலையிலேயே அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளச் சொன்னோம்.

2024 ஆகஸ்ட் முதல் 2025 பிப்ரவரி வரை

ஆகஸ்ட் தொடக்கத்தில் போட வேண்டிய ஊசிக்கு அவர்கள் வரவில்லை. செப்டம்பர் இறுதியில் வந்தார்கள். ஏழு வாரத் தாமதம். அன்று பிஎஸ்ஏ 6.2 என்று இருந்ததால் நல்ல முன்னேற்றம் என்று கோப்பில் பதிவானது; ஊசி போட்டு அனுப்பப்பட்டது. தாமதத்துக்கான காரணம் கேட்கப்பட்டதாகக் கோப்பில் இல்லை. எண் இறங்கிக்கொண்டிருக்கும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது வெளிநோயாளிப் பிரிவுகளின் பொதுவான இயல்பு.

அடுத்த ஊசி டிசம்பர் இறுதியில். அதற்கும் வரவில்லை. 2025 பிப்ரவரி நடுவில் முதுகு வலியோடு வந்தபோது பிஎஸ்ஏ 41. மகன் கையில் இன்னொரு ஊரில் வாங்கிய ஆலோசனைக் குறிப்பு இருந்தது: ஹார்மோன் சிகிச்சை தோற்றுவிட்டது, லுட்டீசியம் சிகிச்சையைக் கருதலாம் என்று.

அந்த ஆலோசனை கற்பனையானதல்ல. புற்றணுவின் மேற்பரப்பில் உள்ள பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைத் தேடிப் பிடித்துக் கதிரியக்க லுட்டீசியம்-177ஐ அங்கேயே இறக்கிவைக்கும் சிகிச்சை அது. 831 பேரைக் கொண்ட விஷன் ஆய்வில், பல மருந்துகளைத் தாண்டி வந்த நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 11.3 மாதங்களிலிருந்து 15.3 மாதங்களாக உயர்ந்தது. 2022 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்போது அங்கே ஒரு தவணையின் பட்டியல் விலை 42,500 டாலராக இருந்தது. ஆறு தவணை வரை போகலாம். இந்தியாவில் நிலைமை வேறு. லுட்டீசியம்-177 டிராம்பேயில் உள்ள அணு உலையிலேயே தயாராகிறது. அமெரிக்க அனுமதிக்கு முன்பே இங்குள்ள சில பெரிய மருத்துவமனைகள் இச்சிகிச்சையை அளித்துவந்தன. செலவும் அங்கிருப்பதில் சிறு பகுதிதான். இருந்தாலும் ஒன்றரை ஏக்கர் காப்பி நிலம் உள்ள குடும்பத்துக்கு அந்தச் சிறு பகுதி என்பது அந்த நிலம்தான். அடமானத்துக்குப் பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டதாக மகன் சொன்னார்.

ஒரு பரிசோதனை

ஹார்மோன் சிகிச்சையை மீறி நோய் வளர்கிறது என்று சொல்வதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பிஎஸ்ஏ உயர வேண்டும், அல்லது ஸ்கேனில் நோய் வளர்ந்திருக்க வேண்டும். அதே நேரத்தில் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையைப் பார்க்காமல் முதலாவதை மட்டும் வைத்து முடிவெடுத்தால், மருந்து தோற்றதா, மருந்து போய்ச் சேரவில்லையா என்று பிரித்தறிய முடியாது. மகன் கொண்டுவந்த குறிப்பில் டெஸ்டோஸ்டிரோன் அளவு இல்லை. எங்கள் கோப்பிலும் அதுவரை இல்லை.

புற்றுநோய் மருத்துவர் அன்றே அதைப் பார்க்கச் சொன்னார். சில நூறு ரூபாய்ச் செலவாகும் பரிசோதனை. முடிவு: 212.

அதாவது நோய் எதையும் மீறி வளரவில்லை. அதற்கு உணவு திரும்பக் கிடைத்திருக்கிறது.

அதன் பிறகுதான் மருமகளோடு நிதானமாக உட்கார்ந்து மாதவாரியாகக் கேட்டோம். ஜூலையிலிருந்தே கையில் பணமில்லை. நான்கு மாத்திரைக்குப் பதில் இரண்டு, பிறகு ஒன்று; அட்டை தீர்ந்தால் மகனுக்கு வாடகை வரும்வரை எதுவுமில்லை. டிசம்பரில் பறிப்புக்கு ஆள் கூலி கொடுக்க வேண்டியிருந்ததால் ஊசியைத் தை பிறந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று பெரியவரே சொல்லிவிட்டார். காப்பிக் காசு வருவதற்குள் வலி வந்துவிட்டது. "வலி இல்லாதப்ப ஊசி எதுக்குங்கன்னு மாமா கேட்டா, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலைங்க சார்" என்றார் அவர். செப்டம்பரில் பிஎஸ்ஏ இறங்கியிருந்தது முந்தைய ஊசிகளின் மிச்சப் பலன். அது கரைந்துகொண்டிருந்ததை அந்த எண் காட்டவில்லை.

மறுபரிசீலனை: இரண்டு முடிவுகள்

முதல் முடிவு அறுவையைப் பற்றியது. இந்த முறை அதற்காகத் தனியாக இரண்டு சந்திப்புகள் ஒதுக்கப்பட்டன. முதலாவதில் பெரியவரோடு மருத்துவர் மட்டும், இரண்டாவதில் மனைவியும் மகனும். ஊசி செய்வதும் அறுவை செய்வதும் ஒன்றே என்பதும், கடந்த ஓராண்டாக ஊசி வேலை செய்த மாதங்களில் அவர் எப்படி இருந்தாரோ அப்படித்தான் அறுவைக்குப் பிறகும் இருப்பார் என்பதும் விளக்கப்பட்டன. வெளி உறையை விட்டுவிட்டு உள்ளே உள்ள திசுவை மட்டும் எடுக்கும் முறை உண்டு, பார்வைக்குப் பெரிய மாற்றம் தெரியாது என்று அறுவை மருத்துவர் வரைந்து காட்டியதுதான் அவரைச் சற்று இளக வைத்தது என்று நினைக்கிறேன். மறு வாரம் வந்து, "தேதி தவறுற வேலை இனி வேண்டாங்க ஐயா, எடுத்துடுங்க" என்றார். காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி பெற்று, மார்ச் முதல் வாரத்தில், முதுகில் மயக்க ஊசி போட்டு அறுவை செய்யப்பட்டது. மறுநாள் வீடு திரும்பினார்.

இங்கே ஒரு கருத்து. விரை நீக்கத்தை விற்பதற்கு நிறுவனமில்லை. அதற்காகக் கருத்தரங்கு நடத்த ஆளில்லை. மருத்துவ இதழ்களில் விளம்பரமில்லை. 2016இல், ஆண் ஹார்மோனின் செயலைத் தடுக்கும் மாத்திரையான என்சாலுட்டமைடின் உரிமையாளர்களில் ஒன்றான மெடிவேஷனை ஃபைசர் ஏறத்தாழ 1,400 கோடி டாலருக்கு வாங்கிய சந்தை இது. அப்படிப்பட்ட சந்தையில், ஒரே நாளில் முடிந்து பிறகு எதையும் வாங்கத் தேவையில்லாத ஒரு சிகிச்சை பேச்சிலிருந்து நழுவிப்போவதற்கு யாருடைய சதியும் தேவையில்லை. ஊசியை விரும்புபவருக்கு ஊசியே தகும். மன அளவில் அறுவை பலருக்குப் பெரும் சுமை என்பதும் உண்மை. ஆனால் ஊசியைத் தொடர்ந்து போட முடியாத ஒருவரிடம், இரண்டையும் ஒரே விரிவோடு முன்வைக்காமல், அவரே தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது முடிவு அபிராட்டெரோன் அளவைப் பற்றியது. இதில் குழுவுக்குள்ளேயே தயக்கம் இருந்தது. உணவோடு எடுத்தால் மருந்து பல மடங்கு ஏறுகிறது என்பதை ஆபத்தாகப் பார்க்காமல் வழியாகப் பயன்படுத்திய ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. 72 நோயாளிகளில் ஒரு பிரிவினர் 1,000 மி.கி. வெறும் வயிற்றிலும், மற்றவர்கள் 250 மி.கி.யைக் கொழுப்புக் குறைந்த காலை உணவோடும் எடுத்தார்கள். பிஎஸ்ஏ குறைவதில் சிறிய அளவு பின்தங்கவில்லை. இதை வைத்து, முழு அளவை வாங்க இயலாதவர்களுக்கு 250 மி.கி.யை உணவோடு கொடுக்கலாம் என்று அமெரிக்காவின் தேசிய விரிவான புற்றுநோய் வலையமைப்பின் வழிகாட்டியிலும் இடம் தரப்பட்டுள்ளது. ஆனால் ஆய்வு சிறியது; நோய் ஏற்கெனவே ஹார்மோன் தடையை மீறிய நிலையில் இருந்தவர்களிடம் நடந்தது; ஆயுளை அளந்ததல்ல. இந்த வரம்புகள் அனைத்தும் மகனிடம் சொல்லப்பட்டு, அவர் ஒப்புக்கொண்டது கோப்பில் எழுதப்பட்டது.

முன்பும் அவர் ஒரு மாத்திரைதானே சாப்பிட்டார், இப்போதும் ஒன்றுதானே என்று மருமகள் நியாயமாகவே கேட்டார். முன்பு அந்த ஒன்று சில நாள் வெறும் வயிற்றில் போனது, சில நாள் சோற்றோடு போனது, பல வாரங்கள் போகவே இல்லை. இப்போது தினமும் காலை எட்டு மணிக்கு, மூன்று இட்லியும் சாம்பாரும் உண்ட கையோடு ஒரு மாத்திரை. நெய், வடை, பூரி அந்த வேளையில் கூடாது. மாத்திரை தனி உறையில், தடித்த எழுத்தில் நேரம் எழுதப்பட்டுக் கொடுக்கப்பட்டது. பிரெட்னிசலோன் இன்னொரு உறையில்.

விளைவு

2025 ஏப்ரலில் டெஸ்டோஸ்டிரோன் 20க்கும் கீழே, பிஎஸ்ஏ 9. ஜூலையில் 1.3, அக்டோபரில் 0.8. பொட்டாசியம் இயல்பு; இரத்த அழுத்தம் ஒரே மாத்திரையில் அடங்கியிருக்கிறது. உடலில் திடீர்ச் சூடும் இரவு வியர்வையும் இருக்கின்றன. மலைக் குளிரில் அதைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது என்கிறார். தசை குறைந்து சோர்வு உண்டு. ஏணி ஏறி மிளகு பறிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது. முள்ளெலும்பில் நோய் இருந்த இடங்கள் இன்னும் பலவீனமானவை.

அபிராட்டெரோன் செலவு மாதம் 8,400 ரூபாயிலிருந்து 2,100ஆக இறங்கியது. ஊசிச் செலவு இல்லாமல் போயிற்று. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மாத்திரை தவறவில்லை. நிலப் பத்திரம் வீட்டில்தான் இருக்கிறது.

நடைமுறையில் மாறியவை

எங்கள் பிரிவில் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கும் ஒவ்வொருவருக்கும் இப்போது முதல் வாரத்திலேயே ஓராண்டுச் செலவுத் தாள் ஒன்று எழுதப்படுகிறது. அதில் அச்சிட்ட விலை இருக்காது. அந்த வாரம் சேலத்தில் குறைந்தது மூன்று இடங்களில் உண்மையில் கேட்கும் விலை இருக்கும். அறுவை, ஊசி இரண்டும் அருகருகே, ஓராண்டு, மூன்றாண்டுக் கணக்கோடு இருக்கும். வருமானம் எந்த மாதங்களில் வரும் என்பதும் கேட்டு எழுதப்படுகிறது. ஜவுளித் தொழிலாளிக்கு ஒரு கணக்கு, மரவள்ளி போட்டவருக்கு ஒரு கணக்கு. பணம் வறண்ட மாதத்தில் ஊசித் தேதி விழுமானால் பத்து நாள் முன்பே தொலைபேசியில் அழைக்கிறோம்.

பிஎஸ்ஏ பார்க்கும்போதெல்லாம் டெஸ்டோஸ்டிரோனும் பார்ப்பது வழக்கமாகியிருக்கிறது. அவசியமா என்று கேட்கும் மருத்துவர்கள் உண்டு. அறுவை முடிந்தவருக்கு ஒவ்வொரு முறையும் தேவையில்லைதான். ஊசியில் இருப்பவருக்கு, அதிலும் தொலைவிலிருந்து வருபவருக்கு, அதைத் தவிர்க்க நான் உடன்பட மாட்டேன். மருந்துப் பையை முழுவதுமாகக் கொட்டி எண்ணிப் பார்ப்பதும் சேர்ந்திருக்கிறது. நேரம் பிடிக்கும் வேலை. கூட்டம் மிகுந்த திங்கட்கிழமைகளில் அது நடப்பதில்லை.

இனி வரக்கூடியது

இந்த நோய் ஒரு கட்டத்தில் குறைந்த ஹார்மோனிலும் வளரக் கற்றுக்கொள்ளும். அப்போது இவருக்கு எதைக் கொடுப்பது என்பது இப்போதே குடும்பத்தோடு பேசப்பட்டிருக்கிறது. பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு 2020இல் அனுமதி பெற்ற ஓலாப்பரிப் மாத்திரை பயன்படக்கூடும் என்பதால், பாதுகாத்து வைத்திருந்த பயாப்ஸித் திசுவில் அந்தப் பரிசோதனை செய்யப்பட்டது. மாற்றம் எதுவும் இல்லை. என்சாலுட்டமைடுக்கு இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2016இல் காப்புரிமை மறுத்தது, ஜெனரிக் கிடைக்கிறது. ஆனால் அபிராட்டெரோன் தோற்ற பிறகு அதே வழியில் செயல்படும் மாத்திரை பெரும்பாலும் குறுகிய காலமே தாங்கும். ஆகவே அந்தக் கட்டத்தில் டோசிடாக்செல்தான் முதலில் என்றும், அதற்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை சேலத்தில் மகளின் வீட்டில் தங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்யப்பட்டுள்ளது. லுட்டீசியம் அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனில் நோய் போதிய அளவு ஒளிர்ந்தால் மட்டும். அடுத்த பரிசோதனை 2026 ஜனவரியில், காப்பி பறிப்பு நடந்துகொண்டிருக்கும்போது.